கதவில் எழுதிய எண்

அம்மாவின் தகரப் பெட்டியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. ஊரில் யாருடைய கல்யாணத்திலோ தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை. அதற்குள் ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீதுகள், வாக்காளர் பட்டியலில் எங்கள் பெயர் வந்த பக்கத்தின் நகல், நான் பிறந்த மருத்துவமனையின் சீட்டு எல்லாம் இருக்கும். மழைக்காலத்தில் தாராவி சந்துக்குள் சாக்கடை பொங்கி வீட்டுக்குள் ஏறும்போது அம்மா முதலில் பரணுக்கு ஏற்றுவது அந்தப் பையைத்தான். அரிசி டப்பா அதற்கு அப்புறம்தான் ஏறும்.

பைக்குள் ஒரு தாள் மட்டும் கிடையாது. அது போட்டோ பாஸ். மும்பையின் குடிசைப் பகுதிகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1976 ஜனவரி 4 அன்று, ஒரே நாளில், அரசு பம்பாயின் குடிசைகளை எண்ணியது. ஏறக்குறைய 28 லட்சம் பேர் அன்று கணக்கில் வந்தார்கள். கணக்கில் வந்த குடும்பங்களுக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை கிடைத்தது. அட்டை வைத்திருப்பவர்களை அப்புறப்படுத்தினால் மாற்று இடம் தர வேண்டும், இல்லாதவருக்கு எதுவும் தர வேண்டாம் என்பது அதன் பொருள். நகரம் தன் ஏழைகளை இரண்டாகப் பிரித்த நாள் அது. அதற்குப் பிறகு எத்தனையோ தேதிகள் மாறின. 1995 ஜனவரி 1 என்றார்கள், 2000 ஜனவரி 1 என்றார்கள். அந்தத் தேதிக்கு முன்னால் நீ இங்கே இருந்தாய் என்று காட்டும் தாள் இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் மாறவே இல்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் வரிசைக்கு ஒரு கணக்கெடுப்பு வந்தது. அம்மா மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஆலையில். நானும் தம்பியும் பள்ளியில். எங்கள் கோலியில் பூட்டு தொங்கியது. ஒற்றை அறை வீட்டைத் தாராவித் தமிழர்களும் கோலி என்றுதான் சொல்வோம். மாலையில் திரும்பியபோது இடப்பக்கத்துக் கதவில் ஓர் எண், வலப்பக்கத்துக் கதவில் அதற்கடுத்த எண். நடுவில் எங்கள் கதவு வெறுமையாக இருந்தது. பட்டியலில் 'பூட்டிய வீடு' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. அந்த ஒரு சொல்லைத் திருத்துவதற்காக ஓர் அலுவலகத்தின் படிகளை ஆறு வருடம் ஏறி இறங்கினாள். ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி போனது.

குடிசைவாசிகளின் தலைவர் ஜோக்கின் அற்புதம் இறந்த செய்தியைப் படித்தபோது அந்த வெறும் கதவுதான் முதலில் நினைவுக்கு வந்தது. 2018 அக்டோபர் 13. நான் அவரை நேரில் பார்த்ததில்லை. பேசியதும் இல்லை. ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் செய்த வேலையை ஒரே வரியில் சொல் என்றால், பூட்டிய வீட்டுக்கும் எண் போட வைத்தார் என்பேன்.

அவர் பிறந்தது கோலார் தங்கவயலில். நிலத்தடிச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்யத் தமிழ்க் குடும்பங்கள் சாரிசாரியாகப் போய்க் குடியேறிய ஊர். தச்சு வேலை தெரிந்த இளைஞனாக 1963இல் பம்பாய்க்கு வந்தார். வந்து சேர்ந்த இடம் மான்குர்த் பக்கத்தில் இருந்த ஜனதா காலனி. காலனி என்றதும் வரிசை வீடுகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். நகரின் மற்ற இடங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை மாநகராட்சியே கொண்டுவந்து இறக்கிய வெளி அது. தண்ணீர், கழிப்பறை, குப்பை வண்டி எதுவும் சரியாகக் கிடையாது. மக்கள்தொகை மட்டும் பெருகி 70,000 வரை போயிற்று.

குப்பைக் கதையை அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். காலனியில் குப்பை மலையாகக் கிடந்தது. மனு போட்டும் யாரும் வரவில்லை. அவர் குழந்தைகளைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு பொட்டலம், செய்தித்தாளில் மடித்த குப்பை. ஊர்வலமாகப் போய் மாநகராட்சி அலுவலக வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். அதுவரை கண்ணில் படாத குப்பை அன்றைக்கு அதிகாரிகளின் கண்ணில் பட்டது. பேச வந்தார்கள். இந்தக் கதையில் குழந்தைகளின் துணிச்சலைத்தான் எல்லோரும் மெச்சுவார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பொட்டலம். ஒரு மலையை யாராலும் தூக்க முடியாது. ஒரு பொட்டலத்தைப் பிள்ளையால் தூக்க முடியும். எத்தனை பொட்டலம் வேண்டும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும்.

அந்தக் காலனிக்குப் பக்கத்தில்தான் பாபா அணு ஆராய்ச்சி மையம். அதற்கு அந்த நிலம் தேவைப்பட்டது. பத்து வருடத்துக்கு அருகில் இழுபறி நடந்தது. வழக்கு, தடை உத்தரவு, மறியல், கைது, மறுபடியும் வழக்கு. குடிசையில் இருப்பவர்களும் நீதிமன்றத்தின் படியேறலாம், கேட்கலாம், தடை வாங்கலாம் என்பதே அந்நாளில் புதிது. 1974இல் மற்ற நகரங்களின் குடிசைவாசிகளையும் சேர்த்து ஒரு தேசியக் கூட்டமைப்பு உருவானது. அடுத்த வருடம் நெருக்கடி நிலை வந்துவிட்டது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நெருக்கடி நிலை என்றதும் நாம் கைதான தலைவர்களையும் கறுப்பு மை பூசிய செய்தித்தாள்களையும் பேசுகிறோம். பேச வேண்டியவைதான். ஆனால் பேச்சுரிமை போனதும் அடுத்ததாக எது போனது என்று குடிசைக்காரர்களைக் கேட்டால், கூரை என்பார்கள். டெல்லியின் துருக்மான் வாசலில் வீடுகளை இடித்தது ஓரளவு நினைவில் நிற்கிறது. ஜனதா காலனி அந்த அளவுக்கும் நிற்கவில்லை. 1976 ஜனவரியில் எண்ணினார்கள், அதே வருடம் மே மாதத்தில் ஜனதா காலனியை இடித்தார்கள். பெரும் போலீஸ் படையோடு வந்து, மக்களை லாரிகளில் ஏற்றி, டிராம்பே பக்கத்துக் கழிமுக ஓரத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த இடம்தான் இன்றைய சீட்டா கேம்ப். இன்றைக்கும் அங்கே போனால் தமிழ் காதில் விழும். மசூதி, கோயில், மாதா சிலை, தமிழ்ப் பெயர்ப்பலகை வைத்த மளிகைக்கடை எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். பத்து வருடம் போராடி அவர்கள் தோற்றார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அதை மழுப்புவதில் பயனில்லை. ஆனால் ஆளுக்கொரு திசையில் சிதறாமல் ஒட்டுமொத்தமாக ஓர் இடத்தில் இறங்கினார்கள். அதுவும் போராடியதால் கிடைத்ததுதான். அண்டை வீடு அண்டை வீடாகவே இருந்தது. கடன் கேட்கவும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும் ஆள் இருப்பது ஏழைக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பதை, அந்த ஆளை இழந்தவர்கள்தான் அறிவார்கள்.

அந்தத் தோல்வி அவரை என்ன செய்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கோபக்காரராகத் தொடர்ந்திருக்கலாம். அரசியல் கட்சி ஒன்றில் சேர்ந்திருக்கலாம். அவருடைய முறை மெதுவாக மாறியது. இடிக்க வரும் நாளில் தடுப்பதைவிட, வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே தயாராக இருப்பது என்ற முறை. அந்தத் தயாரிப்பின் பெயர் கணக்கெடுப்பு.

சேலத்துக்காரர் ஒருவரின் கதையை இங்கே சொல்ல வேண்டும். நிலமில்லாத கூலி. பஞ்சத்தில் வேலை போய் 1961இல் பம்பாய்க்கு வந்தவர். தஹிசரில் ஒரு ரசாயன ஆலையில் நாளுக்கு 23 ரூபாய் கூலி. மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக்கும் கித்தானும் போர்த்திய ஒரு கூடாரத்துக்கு, அடாவடிக்காரன் ஒருவனிடம் 2,500 ரூபாய் அழுதார். மனைவி, மூன்று பெண்பிள்ளைகளோடு அதில் இருந்தார். 1981 ஜூலையில், கொட்டும் மழைக்காலத்தில், அந்தக் கூடாரத்தைப் பிய்த்து எறிந்து, அவரையும் மற்றவர்களையும் பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்துவிட்டார். வேலை இங்கேதானே இருந்தது. இவ்வளவும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸின் பெயரால் வழங்கும் அந்த வழக்கில் இந்தச் சேலத்துக்காரரும் ஒரு மனுதாரர்.

1985 ஜூலை 10 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றார்கள். சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் சொல்லித்தரும் வரி அது. அதே தீர்ப்பு, நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமை கிடையாது, உரிய அறிவிப்புக்குப் பின் மாநகராட்சி அகற்றலாம் என்றும் சொன்னது. ஆனால் மழைக்காலம் முடியட்டும், அக்டோபர் 31 வரை பொறுங்கள் என்றது. உரிமை புத்தகத்துக்குப் போயிற்று, அறிவிப்பு நடைபாதைக்கு வந்தது. சேலத்துக்காரருக்கு அந்தத் தீர்ப்பு வெற்றியா தோல்வியா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஜூலைக்கும் அக்டோபருக்கும் நடுவே அந்த நாலு மாதத்தில்தான் பைகுல்லாவில் வேறொன்று நடந்தது. மாநகராட்சி மருந்தகம் ஒன்றின் வளாகத்தில் பழைய கார் கொட்டகை ஒன்று. அதில் ஷீலா பட்டேலும் தோழர்களும் முந்தைய வருடம் தொடங்கியிருந்த ஸ்பார்க் என்ற அமைப்பு. அவர்கள் நடைபாதைப் பெண்களோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், எத்தனை வருடமாயிற்று, என்ன வேலை, எவ்வளவு கூலி, எத்தனை முறை இடித்தார்கள். அப்படித் திரட்டிய அறிக்கைக்கு 'நாங்கள், கண்ணுக்குத் தெரியாதவர்கள்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். நேற்று வந்து நாளை போகிறவர்கள் என்று நகரம் நினைத்துக்கொண்டிருந்தவர்களில் பலர் ஒரு தலைமுறைக்கும் மேலாக அதே நடைபாதையில் இருந்தார்கள், நடந்து போகும் தூரத்தில் வேலை பார்த்தார்கள், நகரத்தின் மிக மலிவான உழைப்பு அவர்களுடையதுதான் என்பதெல்லாம் அதில் எண்ணாக வந்தது. நவம்பர் மாதம் பிறந்தது. அஞ்சியபடி நகரம் முழுவதும் புல்டோசர் ஓடவில்லை. எண்ணியதால்தான் ஓடவில்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணியவர்கள் அன்றைக்கு முன்பிருந்த ஆட்களாக இல்லை.

ஜோக்கின் இவர்களோடு கைகோத்தது அதன் பிறகு. நடைபாதைப் பெண்களின் மகிளா மிலன், அவருடைய கூட்டமைப்பு, ஸ்பார்க் மூன்றும் சேர்ந்து நடந்தன. பெண்களைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு ஆண்கள் மைக் பிடிக்கும் சங்கங்களையே நடத்திப் பழகியவர், நடுவயதில் அதை மாற்றிக்கொண்டார். நாளுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று வீடு வீடாகப் போய்ச் சேமிப்பை வாங்குவது பெண்களின் வேலை. அந்தப் பணம் பெரிதில்லை. தினமும் ஒரு பெண் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கிறாள், யாருக்குக் காய்ச்சல், யார் வேலை போயிற்று, யார் புதிதாக வந்தார் என்று அவளுக்குத் தெரிகிறது. அந்தத் தெருவின் கணக்கு அவள் தலைக்குள் ஏறிவிடுகிறது. அரசுக் கணக்கெடுப்பாளர் ஒரு மதியம் வந்து போகிறவர். இவள் தினமும் வருகிறவள். எந்த வீடு பூட்டியிருக்கிறது என்பதும் ஏன் பூட்டியிருக்கிறது என்பதும் இவளுக்குத் தெரியும்.

அவர்கள் எண்ணும் முறையை அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. முதலில் தெருவிலிருப்பவர்களே தெருவை வரைகிறார்கள். கதவுகளில் சுண்ணக்கட்டியால் எண் போடுகிறார்கள். அளவுநாடாவைப் பிடித்து நீள அகலம் எழுதுகிறார்கள். பிறகு பட்டியலை எல்லோருக்கும் தெரியும்படி வைக்கிறார்கள். என் பெயர் விட்டுப்போயிற்று, இது வாடகைக்காரர் வீடு, இங்கே இரண்டு குடும்பம் என்று சண்டை வரும். அந்தச் சண்டையைத்தான் எதிர்பார்த்து வைக்கிறார்கள். திருத்தி மறுபடியும் வைக்கிறார்கள். சண்டை ஓய்ந்த பிறகு நிற்கும் பட்டியலை அலுவலகத்தில் யாராலும் எளிதில் தள்ள முடியாது. எங்கள் அம்மா ஆறு வருடம் தனியாக நின்று கேட்ட திருத்தம், இப்படி எண்ணிய தெருக்களில் ஒரு மாலைப்பொழுதில் முடிந்திருக்கும்.

ரயில் பாதையோரம் இருந்தவர்களுக்கு இந்த முறை நேரடியாகவே பலன் தந்தது. தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டு குடிசைகள் இருந்ததால் ரயில்கள் அங்கே ஊர்ந்துதான் போகும். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹார்பர் பாதையோரத்தில் பெரிய இடிப்பு நடந்தது. அதன் பின்னால் எழுந்த எதிர்ப்பும், முன்பே எண்ணி வைத்திருந்த பட்டியல்களும் சேர்ந்து அடுத்த கட்டத்தை மாற்றின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்களுக்குள் சங்கமாகச் சேர்ந்து, தாங்களே தயாரித்த பட்டியலின்படி மாற்று இடத்துக்குப் போயின. போலீஸ் தடி இல்லாமல் அவ்வளவு பேர் இடம் மாறியது அந்த நகரத்துக்குப் புதிது.

கழிப்பறையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் வரிசைப் பெண்கள் டப்பாவில் தண்ணீரோடு நிற்பார்கள். ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை என்று தனியாகக் கிடையாது. எனக்குப் பன்னிரண்டு வயதான பிறகு அம்மா என்னைத் தனியாக அனுப்பவே மாட்டாள். என் தம்பியைப் போன்ற சின்னப் பிள்ளைகளை வரிசையில் பெரியவர்கள் தள்ளிவிட்டு முன்னே போவார்கள். பிள்ளைகள் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்துவிடும். அதற்கும் ஏச்சு வாங்கும். ஜோக்கினின் கூட்டமைப்பும் மகிளா மிலனும் பொதுக் கழிப்பறை கட்ட இறங்கியபோது பிள்ளைகளுக்கென்று சின்ன அளவில் தனிக் கழிப்பறை வைத்தார்கள், அவர்கள் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியோடு. பெண்களுக்குத் தனி வரிசை, தனி வழி. பராமரிப்பவர் குடும்பத்தோடு தங்க மாடியில் ஓர் அறை. 1999 வாக்கில் புனேயிலும், பிறகு மும்பையிலும் இப்படி நூற்றுக்கணக்கில் எழுந்தன. பொறியாளர்கள் எத்தனையோ பேர் எத்தனையோ வருடமாகக் கழிப்பறை கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். வரிசையில் தள்ளிவிடப்பட்ட பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து அளந்தவர்கள், அந்த வரிசையில் நின்ற பெண்கள். இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

விருதுகள் வந்தன. 2000இல் மகசேசே, 2011இல் பத்மஸ்ரீ. அவற்றைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது 1991இல் அவர் தென்னாப்பிரிக்கா போனது. மண்டேலா விடுதலையாகி, நிறவெறிச் சட்டங்கள் சரிந்துகொண்டிருந்த நேரம். வாக்குரிமை வந்துவிட்டால் வீடும் வந்துவிடும் என்று அங்கே மக்கள் நம்பினார்கள். எங்கள் நாட்டுக்கு விடுதலை கிடைத்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது, நான் இன்னும் குடிசைக்காரனாகத்தான் இருக்கிறேன், காத்திருக்காமல் இப்போதே சேருங்கள் என்ற பொருள்பட அவர் அங்கே எச்சரித்ததாக அந்த இயக்கத்தார் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அங்கிருந்து உருவான வீடற்றோர் கூட்டமைப்பும், 1996இல் பல நாட்டுக் குடிசைவாசிகள் சேர்ந்து அமைத்த பன்னாட்டு அமைப்பும் அவரைத் தங்கள் மூத்தவராக ஏற்றுக்கொண்டன. டர்பன் பக்கத்தில் வேலை செய்த பேட்ரிக் மகெபூலா அந்தத் தலைமுறையில் முக்கியமானவர். நிறவெறி எதிர்ப்பில் வளர்ந்து, விடுதலைக்குப் பின் பதவியைத் தேடாமல் குடிசைகளுக்கே திரும்பியவர். அவரும் 2014இல் போய்விட்டார்.

இன்னொருவரையும் இங்கே சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை. கராச்சியின் பர்வீன் ரஹ்மான். டாக்காவில் பிறந்த கட்டடக் கலைஞர். ஓரங்கி என்ற மாபெரும் குடியிருப்பில், தெருவுக்குத் தெரு மக்களே பணம் போட்டுக் கழிவுநீர்க் குழாய் பதித்த முயற்சியில் எண்பதுகளின் தொடக்கத்தில் சேர்ந்து பிறகு அதன் தலைமைக்கு வந்தவர். அவருடைய ஆயுதம் வரைபடம். கராச்சியைச் சுற்றியிருந்த பழைய சிற்றூர்களை ஒவ்வொன்றாக வரைந்து ஆவணப்படுத்தினார். வரைபடத்தில் ஏறிய ஊரை, இங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்லி நிலக்கொள்ளையர்கள் விழுங்க முடியாது. நகரத்துக் குழாய்களிலிருந்து தண்ணீரைத் திருடி லாரிகளில் விற்பவர்கள் எங்கெங்கே உறிஞ்சுகிறார்கள் என்பதையும் வரைந்தார். 2013 மார்ச் 13 அன்று வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொன்றார்கள். ஏழைகளின் வீடுகளை ஒரு தாளில் குறிப்பது அவ்வளவு ஆபத்தான வேலையா என்று கேட்பவர்களுக்கு, அவருடைய மரணத்தைத் தவிர வேறு பதில் எனக்குத் தெரியாது.

ஜோக்கினைக் குறை சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. போராட்டக்காரர் அரசோடு மேசையில் உட்கார்ந்துவிட்டார், குடிசைக்காரர்களே தங்களைக் காலிசெய்துகொள்ள உதவினார் என்பார்கள். மான்குர்த்தின் லல்லுபாய் காம்பவுண்டில் நான் நடந்திருக்கிறேன். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே கையை நீட்டினால் தொடும் அளவுக்கு நெருக்கம். கீழ்த்தள வீடுகளில் பகலிலும் விளக்கு எரிகிறது. வெளிச்சமும் காற்றும் குறைந்த இத்தகைய மாற்றுக் குடியிருப்புகளில் காசநோய் அதிகம் என்று மருத்துவர்கள் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். வேலை ஓரிடம், வீடு ஓரிடமாகப் போனவர்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் கூலியைக் கரைக்கிறார்கள். இலவச வீடு என்ற திட்டம் 225 சதுர அடியில் தொடங்கி 269, 300 என்று ஏறியிருக்கிறது. எவ்வளவு தருகிறார்கள் என்று பேசுகிறோம், எங்கே தருகிறார்கள் என்று போதுமான அளவு பேசுவதில்லை. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் நான் அவர் பக்கம்தான் நிற்கிறேன். நான் அந்தத் தண்டவாள ஓரத்தில் இருந்ததில்லை. பிள்ளையின் காலில் கயிறு கட்டிவிட்டு வேலைக்குப் போன தாய்மார்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய், நீங்கள் அங்கேயே இருந்து எதிர்த்திருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. அவர்கள் எதைத் தேர்ந்தாலும், தேர்ந்தெடுக்கும் இடத்தில் அவர்கள் இருக்க வேண்டும் என்பதற்கு அவர் உழைத்தார்.

தாராவியில் மறுபடியும் எண்ணினார்கள். மறுசீரமைப்புக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. என் தம்பி இன்னும் அதே கோலியில்தான் இருக்கிறான். அம்மா இல்லை. மஞ்சள் பை அவனிடம் இருக்கிறது. அந்தப் பைக்குள் இப்போது போட்டோ பாஸும் இருக்கிறது. அம்மா வாங்கிவிட்டுத்தான் போனாள்.

எங்கள் வரிசைக்கு ஆட்கள் வருவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி என்னைக் கூப்பிட்டான். அக்கா, நீ வந்து எழுது, உன் கையெழுத்துதான் எல்லோருக்கும் புரியும் என்றான். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிப் போனேன். பக்கத்து வீட்டு மாமிக்கு இப்போது எண்பதுக்கு மேல் ஆகிறது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் எந்த வருடம் வந்தார், எந்தக் கோலி யாரிடமிருந்து யாருக்கு மாறியது என்று தேதி தவறாமல் சொன்னார். தம்பியின் மகள் அளவுநாடாவைப் பிடித்தாள். மாடி ஏணிக்கு மேலே இருக்கும் வாடகைக் குடும்பங்களையும் எழுதினோம். அவர்களை எழுதலாமா என்று வாக்குவாதம் வந்தது. ஒரு மணி நேரம் போயிற்று. எழுதுவது என்று முடிவாயிற்று. நாற்பத்தொரு கதவு, ஐம்பத்தாறு குடும்பம்.

பதினேழாவது கதவில் பூட்டு. நான் பேனாவை எடுத்துவிட்டு மாமியைப் பார்த்தேன். இரவு வேலை, சயான் மருத்துவமனைப் பக்கத்தில் காவலாளி, மதியம்வரை தூங்கிவிட்டு இப்போதுதான் கறி வாங்கப் போயிருக்கிறான், பெயர் முருகேசன், அவன் பெண்டாட்டி ஊரில் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், அவளையும் எழுது, பிறக்கப்போகிறதையும் எழுது என்றார் மாமி. எழுதினேன்.